இறுதி எச்சரிக்கை

என் வீட்டுக்காரர் தையல் மெஷின் மெக்கானிக். மெக்கானிக்குகளுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் இவரும் இருந்தார். ஆனால் மெஷினைப் பற்றி எழுதியதைவிட மழை, முதுகுவலி, மாடியில் குட்டி போட்ட பூனை என்று எழுதியதுதான் அதிகம்.

உடனே அட்மினிடமிருந்து பதில் வரும்: “தலைப்பை விட்டு விலகாதீர்கள். இது இறுதி எச்சரிக்கை.”

“இன்னைக்கும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்டி” என்று சிரிப்பார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். நூறு பேர் பார்க்க, இந்த வயதில் இந்த மனுஷனுக்கு இப்படியொரு தலைகுனிவா?

அவர் இறந்து, உறவுக்காரர்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு ஒருவர் வந்து நின்றார்.

“அண்ணி, நான்தான் அந்தக் குழுவோட அட்மின்.”

நாற்காலியைக் காட்டினேனே தவிர, எனக்கு மனசு ஆறவில்லை.

“அத்தனை பேர் முன்னாடி அவரைத் தினமும் திட்டினீங்களே தம்பி, ஒரு நாளாவது சும்மா விட்டிருக்கக் கூடாதா?”

“அத்தனை பேர் எங்க அண்ணி இருந்தாங்க? தலைப்பு மாறிப் பேசினவங்களையெல்லாம் நானே நீக்கிட்டேன். மத்தவங்க தானா கழண்டுக்கிட்டாங்க. ரொம்ப நாளா அதுல அண்ணனும் நானும் மட்டும்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்ப அவரை மட்டும் ஏன் விட்டு வெச்சீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அண்ணனையும் நீக்கிட்டா, சாப்டியாடான்னு என்னைக் கேக்க வேற யாரு அண்ணி இருக்கா?”