சாமியார் நடந்த பாதை

காமநாயக்கன்பட்டி மாதா கோவில் திருவிழாவுக்கு ராஜபாளையத்திலிருந்து நடந்து போகிற கூட்டத்தில், மில் வேலைக்காரன் பாக்கியநாதனுக்கு அது முதல் வருடம். முன்னால் நடந்த ராஜரத்தினம் அண்ணாச்சி தார் ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கியதும் அவனுக்குக் கால் இன்னும் கடுத்தது.

“ரோடு நேராத்தான போகுது அண்ணாச்சி?”

“இதுதாம்லே பழைய பாதை. அந்தக் காலத்துச் சாமியார்மாரு நடந்தது.”

மூன்று மைல் சுற்றிய பிறகு ஒரு சின்னக் கிராமம் வந்தது. வேப்பமரத்தடியில் ஒருத்தி மோர்ப்பானையோடு நின்றாள்.

“எனக்கு வேண்டாம்” என்றான் பாக்கியநாதன்.

“யாத்திரை போறவன் யாரு குடுத்தாலும் மறுக்கக் கூடாதுலே” என்று அதட்டினார் அண்ணாச்சி.

எல்லோருக்கும் பானையிலிருந்து மொண்டு கொடுத்தவள், அவருக்கு மட்டும் தனியாக மூடி வைத்திருந்த செம்பை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

பாக்கியநாதன் பின்தங்கினான். “அந்தச் செம்புல என்னக்கா விசேஷம்?”

“உப்புப் போடல. அவியளுக்கு ரத்தக்கொதிப்பு.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தம்பி, அவிய எங்கப்பா. வேற சாதியில கட்டிக்கிட்டேன்னு, என் கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு சொல்லி ஆறு வருசமாச்சு. வருசா வருசம் இப்படி வந்து குடிச்சிட்டுப் போறாவ.”

அவன் ஓடிப்போய்க் கூட்டத்தைப் பிடித்தபோது, இன்னொரு புது ஆள் முனகிக்கொண்டிருந்தார். “ரோட்டுலயே போயிருந்தா இந்நேரம் எம்புட்டுத் தூரம் போயிருக்கலாம்.”

“இதுதான் மாமா பழைய பாதை” என்றான் பாக்கியநாதன். “சாமியார்மாரு நடந்தது.”