போனவன் பெயர்

ரிட்சுவான் புத்தகத்தைத் திறந்ததும் ஊர்த்தலைவர் பிலோங் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"படிக்க வேணாம் தம்பி."

ஊரே ஒரே கூரையடியில் வாழும் நீளவீட்டின் கூடம் முழுக்க ஆட்கள். தான் எழுதிய நாவலின் பன்னிரண்டு பிரதிகளைத் தூக்கிக்கொண்டு குச்சிங் நகரிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தான் அவன். ஊர்த்தலைவர் சொன்ன பிறகு படிக்க முடியுமா?

உயோங் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் மகன் மரம் வெட்டும் முகாமில் இறந்து ஆறு வருடம். அன்றே ஊர் அவளுக்கு உயோங் என்ற துக்கப் பெயரை வைத்தது. அவளுடைய பழைய பெயர் போயிற்று. மகனுடைய பெயரும் போயிற்று. போனவர் பெயரைச் சொல்வது இந்தக் காட்டுப் பெனான் மக்களின் வழக்கமில்லை.

மகனுடைய அந்தப் பெயர்தான் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. பிலோங்கின் மகள் செலாய், முதல் பிரதியைப் புரட்டும்போதே பார்த்துவிட்டாள்.

"மூணு மாசம் எங்ககூட சாகோப் பனைமாவுக் களி தின்னீங்க," என்றார் பிலோங். "எங்க வேட்டை, எங்க சண்டை, எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்க. சரி, போகட்டும். இந்தப் பேரை இங்க யாராவது ஒருத்தர் சொல்லிக் கேட்டிருப்பீங்களா? அப்ப எங்கேருந்து எடுத்தீங்க?"

ரிட்சுவான் புத்தகத்தை மூடி வைத்தான்.

"என்னைப் பத்தி ஒரு வரி உண்டா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். "இல்லையா? அப்ப இவரு புஸ்தகத்துல எடம் கிடைக்கணும்னா செத்தாத்தான் ஆகும்போல."

சிலர் சிரித்தார்கள். உயோங்கைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"தப்புதான் மாமா," என்றான் ரிட்சுவான். "அடுத்த பதிப்புல வேற பேரு வச்சிடறேன்."

செலாய் கறுப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பிரதியாக அடிக்கத் தொடங்கினாள். எதை அடிக்க வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

கூடத்தில் வேறு சத்தமே இல்லை. பேனா தாளில் உரசியது. நின்றது. பக்கம் புரண்டது. மறுபடி உரசியது.

உயோங்குக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு உரசலுக்கும் அவள் இமைகள் மூடித் திறந்தன. பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா. முடிஞ்சிடும்."

பன்னிரண்டும் முடிய மத்தியானம் ஆயிற்று.

யாரும் அவனை வழியனுப்பப் போகவில்லை. உயோங் மட்டும், வாட்டிய மீனை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு படித்துறைக்கு இறங்கினாள். வயிறு காய ஒருவனை அனுப்புவதா என்று அவள் நினைத்திருப்பாள் என்றே ஊர் எண்ணியது.

பொட்டலத்தை வாங்கும்போது அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யாரு சொன்னதுன்னு நான் வாய் திறக்கலைக்கா."

"தெரியும்."

சாகோ மாவு கழுவும் ஓடையில், தண்ணீர் இரைச்சலுக்குள், அவன் காதோரம் குனிந்து அவள்தான் சொல்லியிருந்தாள். ஆறு வருடத்தில் அந்த ஒரே ஒரு தடவை.

"நாங்க சொல்லக் கூடாது. அது சரிதான்," என்றாள் உயோங். "எங்கேயோ இருக்கறவங்க, அவனைத் தெரியாதவங்க, அவங்க சொல்லலாமில்ல? வேற பேரு வச்சிடாதீங்க தம்பி."

அவன் மேலே நீளவீட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பதில் சொல்வதற்குள் படகுக்காரன் எஞ்சினைக் கிளப்பிவிட்டான்.

ஆற்றுத் திருப்பத்தில் படகு மறையும்வரை அவள் நின்றாள். மறைந்த பிறகும் நின்றாள்.

திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வேறு ஊர். அங்கே சொல்லலாம்.

எஞ்சின் சத்தம் தேய்ந்து அடங்கியது. உயோங் எதையோ கேட்பவள்போலத் தலையை லேசாக அந்தப் பக்கம் சாய்த்தாள்.