குவாலிட்டி சைபர்

“டிவியில சிக்னல் ஸ்ட்ரெங்த் எவ்வளவு காட்டுதும்மா?” என்றாள் போனில் டிஷ் கம்பெனி கஸ்டமர் கேர் பெண்.

“தொண்ணூறு.”

“குவாலிட்டி?”

“சைபர். நாலு தடவை சொல்லிட்டேன்.”

“அப்படின்னா சிக்னல் வருதும்மா, படம்தான் வராது.”

எங்கள் மகள் பூவிழி முதன்முதலாக டிவியில் செய்தி வாசிக்க இன்னும் இரண்டே நிமிஷம் இருந்தது. அவள் அப்பா மொட்டைமாடியில் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“குவாலிட்டி எழுபது வந்துடுச்சு, இறங்கி வாங்க,” என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

கையை எடுத்தார். சைபர். திரும்பப் பிடித்தார். எழுபது.

“மனுஷன் கை பட்டாத்தான் வருதும்மா,” என்றேன் போனில்.

“அந்தக் கம்ப்ளெயின்ட் எங்க லிஸ்ட்டுல இல்லையேம்மா.”

போனை வைத்தேன். பூவிழி திரையில் வணக்கம் சொன்னாள்.

“வந்துட்டாளா?” என்றார் மேலிருந்து.

“வந்துட்டா. கையை எடுத்துடாதீங்க.”

“என்ன புடவை கட்டியிருக்கா?”

“அதையும் நானா சொல்லணும்? தள்ளுங்க, நான் பிடிக்கிறேன், நீங்க போய்ப் பாருங்க,” என்று படியேறினேன்.