போலீஸ் கேட்காத மோட்டார்

ஸ்டார்ட்டர் பெட்டியில் விரல் நுழைகிற ஓட்டையை அடைக்காமல் விட்டவனே, உன்னைத்தான் சொல்கிறேன். உன் சோம்பலால் ரெண்டு உயிர் போச்சு.

பூச்சி தேடி அந்த ஓட்டைக்குள் போன பல்லி, மோட்டாரைப் போட்டதும் கருகிச் செத்தது. அந்த ஷார்ட்டில் கிணற்று மோட்டாருக்குள் சுற்றியிருந்த செம்புக்கம்பிச் சுருளான காயிலும் எரிந்துபோனது.

செத்த பல்லியின் பெண்டாட்டி சுவரில் ஒட்டிக்கொண்டு அழுதது. "அண்ணே, அவர் வேணும்னு செய்யலை."

"தெரியும் தாயி. வயித்துப்பாட்டுக்குப் போனவர் மேல எனக்கென்ன கோபம்?" என்றது மோட்டார்.

கொட்டகையில் நின்ற டிராக்டர் கேட்டது: "எனக்கு இன்சூரன்ஸ் இருக்கே. உனக்கு எடுக்கலையாப்பா?"

"எடுக்கச் சொல்லி ஒரு ஆள் வந்தார். 'மோட்டாரை நான் ரோட்டுலயா ஓட்டுறேன், போலீஸ் மறிச்சுக் கேட்க?'ன்னு முதலாளி சிரிச்சு அனுப்பிட்டார்."

டிராக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எரிந்த காயிலை எடுத்துவிட்டுப் புதுசு கட்டக் காசில்லாமல் முதலாளி கூப்பிட்ட பழைய இரும்புக்காரர், வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் குலை தள்ளிய வாழைகள் இலை துவண்டு நின்றன. ஓரத்து வாழை கூப்பிட்டது.

"மாமா, இன்னிக்காவது தண்ணி வருமா?"

"வரும்டா கண்ணு," என்றது மோட்டார். அதற்குள் அதைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டார்கள்.

ஓட்டையையும் அடைக்காம, இன்சூரன்ஸ்காரரையும் சிரிச்சு அனுப்பினவனே, அந்த வாழை அதை நம்பிக்கிட்டு நிக்குது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் காலில் விழுந்தாவது இன்னிக்கே அதுக்குத் தண்ணி பாய்ச்சு.