மைக் டெஸ்டிங்

"பாடறவர் இன்னும் வரலையாம்மா?"

திருவையாறு கல்யாண மண்டபத்து மேடையில் நின்று மைக்செட் வீரையன் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"வந்துகிட்டே இருக்காராம்ப்பா. நீங்க டெஸ்ட் பண்ணுங்க" என்றாள் மகள் குந்தவை, ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து.

வீரையனுக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் எதிரில் நாலு பேர் உட்கார்ந்தால் தொண்டை அடைத்துவிடும். மேடையை விட்டுத் தள்ளியிருக்கவும் முடியாமல்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். முப்பது வருஷமாக, கூட்டம் வருவதற்கு முன்பு காலி நாற்காலிகளுக்கு மட்டும் பாடுவார். கேட்டால் டெஸ்டிங் என்பார்.

"ஒன் டூ த்ரீ சொன்னா போதாதா?"

"அவரு ரொம்ப மேல போய்ப் பாடுவாராம்ப்பா. ஒரு பாட்டு முழுசாப் பாடிப் பாத்துருங்க."

அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினார். முடிந்ததும் முகம் சுருங்கியது.

"ஆரம்பத்துல காலி மண்டபத்து எக்கோ நல்லா கேட்டுச்சு. பாடப் பாட எங்கம்மா போச்சு அது?"

கண்ணைத் திறந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. இத்தனை வருஷமாக அவர் மைக் கட்டிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முன்வரிசையில் பட்டுப்புடவையில் இருந்தாள், அவர் மனைவி ஆனந்தவல்லி. மண்டபத்தைப் பேசி முடித்தவளே அவள்தான்.

"முப்பது வருஷம் டெஸ்ட் பண்ணியாச்சு" என்றாள். "கச்சேரியை ஆரம்பிங்க."