செவன் ஹில்ஸ் ஸ்டேஷன் வாசலில் எடுத்த படம்

ஞாயிறு காலை வெயில் செவன் ஹில்ஸ் ரயில் ஸ்டேஷன் படிகளில் சாய்வாக விழுகிறது. தேவாலயத்துக்குப் புறப்பட்ட தென் சூடான்காரர் ஒருவர், காற்சட்டை தரையில் படாமல் குந்தி, மகனின் சப்பாத்து நாடாவைக் கட்டுகிறார். சிறுவன் அப்பாவின் தலையில் கையூன்றி நிற்கிறான். சதீசன் கேமராவை உயர்த்தி ஒரே ஒரு படம் எடுக்கிறான். சத்தம் கேட்டு அவர் எழுகிறார். நல்ல உயரம். "எந்தப் பேப்பர்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். பேப்பருக்கு இல்லை, தனக்காக எடுத்தது என்கிறான் சதீசன். "என் மகன் உனக்கு எதுக்கு? சும்மா பஸ்ஸுக்கு நின்ற என் தம்பியின் படத்தைத்தான் பேப்பரில் யாரோ செய்த களவுச் செய்திக்கு மேலே போட்டார்கள். அழி." சதீசன் கேமராவைத் திருப்பிக் காட்டுகிறான். பழைய ஃபிலிம் கேமரா. பின்னால் வெறும் கறுப்பு மூடி. அதைத் திறந்தால் சுருளில் உள்ள எல்லாப் படங்களும் வெளிச்சம் பட்டுப் போய்விடும். அவன் விரல் தயங்குகிறது. அதை அவர் பார்த்துவிடுகிறார். மகனைத் தன் பின்னால் நகர்த்திவிட்டு, ஃபோனை எடுத்து, சதீசனையும் பக்கத்தில் நிற்கும் அவன் மனைவி வதனியையும் படம் பிடிக்கிறார்.

வதனி சால்வையை இழுத்து முகத்தை மறைக்கிறாள். "இஞ்சாருங்கோ, அதை எங்க போடப்போறாராம்? விசா கேஸ் நடக்கிற நேரத்தில உங்களுக்கு இந்த விளையாட்டுத் தேவையே? கேளுங்கோ!" சதீசன் வாயைத் திறக்கிறான். அவர் முதலில் தன்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். அவர் ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்து, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கேட்கட்டும் என்று காத்து நிற்கிறார்.