அடிப்பக்கம்

"இதெல்லாம் போட்டிக்கு வந்த கார்களா, பழைய இரும்புக் கடைக்குப் போற கார்களா?"

நடுவர் கிரிம்ஷா மேஜையைச் சுற்றி வந்துகொண்டே கேட்டார். பக்கத்து ஊரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். இங்கிலாந்தின் ராச்டேல் ஊர் மாடல் கார் சங்கத்தார் ஆளுக்கொரு டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை மாதக்கணக்கில் ஒட்டி, பெயின்ட் அடித்து, அந்தக் காலத்து ஜாகுவாரையும் மோரிஸையும் ஒரு சாண் நீளத்தில் அப்படியே கொண்டுவருகிறவர்கள் இவர்கள். கதவுப்பிடியின் நிறம் சரியா தப்பா என்ற சண்டையில் பல வருடப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவர்களும் உண்டு. அப்பேர்ப்பட்டவர்களின் கார்களில் இன்று கண்ணாடி முழுக்கப் பசை. கூரையில் கட்டைவிரல் ரேகை.

"இதுல நாலு சக்கரமும் நாலு திசையைப் பாக்குது. யாரோடது?"

"என்னோடதுதான் சார்," என்றார் செயலாளரம்மா பாலின். "கண்ணு கொஞ்சம் மங்கல்."

பாலினின் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. கேடு வந்தது வில்ஃபின் கைக்கு.

வருடா வருடம் பரிசுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிற வில்ஃபுக்கு இந்த வருடம் கை நடுக்கம். அரைக் கோப்பை டீயே சட்டையில் சிந்தியது. "இந்தத் தடவை கடைசியா வந்தேன்னா, வீட்ல இருக்கிற பெட்டியெல்லாம் குப்பைக்குத்தான்," என்று சொல்லிவிட்டார். தனி ஆள். பெட்டிகள் போனால் இந்தக் கூடத்துக்கும் வரமாட்டார், வேறு எங்கேயும் போகவும் மாட்டார்.

அதனால் அவருக்குத் தெரியாமல் சங்கம் கூடிப் பேசி முடிவெடுத்தது. வில்ஃப் ஜெயிக்கும்படி எல்லோரும் அவரவர் காரைக் கெடுத்து வைப்பது. நடுவரிடம் மூச்சு விடுவதில்லை, தெரிந்தால் போட்டியையே ரத்து செய்துவிடுவார்.

கெடுப்பது லேசாக இல்லை. ஒழுங்காக ஒட்டிப் பழகிய கை கோணலாக ஒட்ட மறுத்தது. பாலின் ஓட்டை உடைசலில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சக்கரங்களைக் கோணலாக்கினார்.

கிரிம்ஷா, சங்க உறுப்பினர் டெஸ்மண்டின் ஜாகுவார் முன்னால் நின்றார். இருப்பதிலேயே படுமோசம் அதுதான். பெயின்ட் மெழுகுவத்தியாக வழிந்திருந்தது. பல் டாக்டர் வாயில் விடுவாரே, அந்த மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியைக் காருக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாலினும் குனிந்து எட்டிப் பார்த்தார். அடியில் தலைமுடி கனத்துக்கு பிரேக் குழாய்கள். ஒவ்வொரு நட்டிலும் பொட்டுத் துரு. இன்ஜினுக்குக் கீழே எண்ணெய்க் கசிவுகூட இருந்தது.

"அடப்பாவி, என்னய்யா பண்ணி வச்சிருக்கே?" என்று டெஸ்மண்டின் காதைக் கடித்தார்.

"வெளியில நீ சொன்ன மாதிரியே நாசம் பண்ணிட்டேன்ல?"

"அடிப்பக்கத்துக்குப் பாதி மார்க்குய்யா. கோப்பை உனக்குத்தான் வரும்."

"அதையும் கெடுக்க மனசு வரலை பாலின். என் பேர்ல வர்ற வண்டியாச்சே."

நட்புக்காக மானத்தை விட்டவர், முழுசாக விடவில்லை.

கிரிம்ஷா நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். "கோப்பை வில்ஃபுக்கு. நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். இருக்கறதுல தேவலை."

வில்ஃபின் மோரிஸில் ஒரு விளக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு கையாலும் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முகமெல்லாம் பல்.

"என்னடா ஆச்சு உங்களுக்கெல்லாம்? கிழடு தட்டிப்போச்சா?" என்று மேஜைக்கு வந்தார். "யோவ் டெஸ்மண்ட், எங்கே உன் லட்சணத்தைக் காட்டு." ஜாகுவாரைத் திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினார்.

பாலின் கண்ணை மூடிக்கொண்டார்.

கிரிம்ஷா வில்ஃபின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "தொடாதீங்க. பெயின்ட் காயலை."

"காயாத பெயின்ட்டோட போட்டிக்கு வந்தியாடா?" வில்ஃப் குலுங்கிச் சிரித்தார். "அடுத்த வாரம் வீட்டுக்கு வா. எப்படி அடிக்கறதுன்னு சொல்லித் தரேன்."

டெஸ்மண்ட் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு தலையாட்டினார். வில்ஃப் கோப்பையோடு, பன்றி இறைச்சி வைத்த பேக்கன் ரொட்டி வாங்கப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். டெஸ்மண்டால் முடியவில்லை. நடுவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், கோப்பை கெடக்கட்டும். அடிப்பக்கம் எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

பாலின் பின்னாலேயே போய் டெஸ்மண்டின் காலை மிதித்தார். பயனில்லை.

"முழு மார்க்," என்றார் கிரிம்ஷா. "இந்த மாதிரி ஒண்ணை வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்."

டெஸ்மண்டின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கே சார்?"

"எங்க சங்கத்துல. எனக்கு இடது கை விளங்காமப் போன வருஷம், கோப்பையை எனக்குத்தான் குடுத்தாங்க." கிரிம்ஷா குட்டிக் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சந்தோஷத்துல, பக்கத்துல இருந்த காரைத் திருப்பிப் பார்த்துட்டேன். வெளியில கந்தல், கீழே தங்கம். அன்னிக்கோட நான் பசையைத் தொடறதை விட்டுட்டேன்."